எண்பதாயிரத்துக்குத் தகுதி யாருக்கு?

வாசகி கேள்வி:

வணக்கம் மேடம். எனக்கு 52 வயது. கோத்தகிரிக்குக் கீழே ஒரு லைன் வீட்டில் இருக்கிறேன். கொழுந்து பறிக்கும் வேலை. அப்பா காலத்தில் சிலோனிலிருந்து வந்த குடும்பம். வீட்டுக்காரர் இல்லை. மகளை இதே ஊரில்தான் கட்டிக்கொடுத்திருக்கிறேன். பையன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான்.

எங்கள் ஊர் மகளிர் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் ஆரம்பத்திலிருந்தே உறுப்பினர். ஐந்து பேர் குழுவுக்கு நான் தலைவி. ஒருத்தி கடனுக்கு மற்ற நாலு பேரும் ஜாமீன். இப்போது சங்கத்துக்குப் புதுப் பெயர், புதுச் சின்னம் வைத்து, பச்சை பாஸ்புத்தகத்தை வாங்கிக்கொண்டு கார்டு கொடுக்கிறார்கள். 30,000 வரை இருந்த லோன் இனி 80,000 வரைக்குமாம். வட்டி நூற்றுக்கு ஒரு ரூபாய். மாதக் கூட்டம்கூட வேண்டாம், எல்லாம் போனிலேயே முடிந்துவிடும் என்கிறார்கள். என்னிடம் பட்டன் போன்தான், அதனால் படிவத்தில் பையன் நம்பரைக் கொடுத்துவிட்டேன். எனக்கு 80,000 லோனுக்குத் தகுதி இருக்கிறது என்று அவன்தான் போன் பண்ணிச் சொன்னான். எனக்கு இப்போதைக்குக் கடன் எதுவும் தேவையில்லை.

பெயரை மாற்றினால் சங்கம் தனியார் பைனான்ஸ் ஆகிவிடும், போட்ட பணத்தை எடுத்துக்கொண்டு விலகிவிடு என்கிறாள் பக்கத்து வீட்டுக்காரி. விலகலாமா, இருக்கலாமா? குழுவில் எல்லோரும் என் முகத்தைத்தான் பார்க்கிறார்கள்.

– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்:

பெயர் மாற்ற விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது வேறு.

கூட்டுறவுச் சங்கம் பெயரை மாற்றிக்கொள்வதால் உறுப்பினரின் பங்குத்தொகையோ சேமிப்போ மாறாது, பாக்கியிருக்கும் கடனும் மாறாது. தமிழ்நாட்டில் 1983-ஆம் வருஷத்துக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தில் பதிவான சங்கம் என்றால், பெயரை மாற்ற, சங்கம் எப்படி நடக்க வேண்டும் என்று எழுதிவைத்த துணைவிதியைத் திருத்த வேண்டும். உறுப்பினர்கள் எல்லோரும் கூடும் பேரவைக் கூட்டம் தீர்மானம் போட்டு, பதிவாளர் அதைப் பதிவு செய்ய வேண்டும். பழைய பாஸ்புத்தகத்தில் உள்ள சங்கப் பதிவு எண்ணையும் புது ரசீதில் உள்ள எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே எண் என்றால் அதே சங்கம்தான். எண் வேறாக இருந்தாலோ, பெயருக்குப் பின்னால் 'பிரைவேட் லிமிடெட்' என்று இருந்தாலோ பக்கத்து வீட்டுக்காரி புத்திசாலி. இன்னொன்று. கூட்டுறவு வங்கி டெபாசிட்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. உங்களுடையதைப் போன்ற சங்கத்துக்கு அது கிடையாது, பழைய பெயரில் இருந்தபோதும் கிடையாது. பாஸ்புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும் முன்னால் கடைசிப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து, அதன்மேல் சங்க முத்திரை வாங்கி வையுங்கள். சின்னம் எந்த நிறத்தில் இருந்தால் என்ன? அதை வரைந்தவருக்குக் கொடுத்தது உங்கள் லாபத்திலிருந்துதானா என்று பேரவையில் ஒரு வார்த்தை கேளுங்கள், போதும்.

சரி, இப்போது நீங்கள் கேட்காததற்கு வருகிறேன்.

பையன் நம்பரைக் கொடுத்துவிட்டேன் என்கிறீர்கள். தகுதி இருப்பதை அவன்தான் சொன்னான் என்கிறீர்கள். எனக்குக் கடன் தேவையில்லை என்கிறீர்கள். மூன்றையும் அடுத்தடுத்து எழுதிவிட்டு, ஒருமுறைகூடச் சேர்த்துப் படிக்கவில்லையே அம்மா! உங்களுக்குத் தேவையில்லாத கடனைப் பற்றி உங்களுக்கு முன்னால் திருப்பூரில் ஒருவனுக்குத் தெரிந்திருக்கிறது. போன் போட்டுச் சொல்லும் அளவுக்கு அவனுக்கு அது முக்கியமாகவும் பட்டிருக்கிறது. 'உடம்பு எப்படி இருக்கிறது, தோட்டத்தில் கொழுந்து எப்படி' என்று கேட்க எத்தனை தடவை போன் போட்டான்? அதை நீங்கள் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

போனில் எடுக்கும் லோன் எப்படி நடக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். விண்ணப்பம் போட்டதும் பதிவான நம்பருக்கு ஒரு ஓ.டி.பி. வரும். அந்த எண்ணைத் தட்டினால் நீங்களே நேரில் வந்து ஒப்புக்கொண்டதாகக் கணக்கு. பணம் எந்தக் கணக்குக்குப் போக வேண்டும் என்று மாற்றக் கேட்டாலும் அதே நம்பருக்குத்தான் இன்னொரு ஓ.டி.பி. வரும். தவணை தவறினால் வரும் நோட்டீசும் பேரவைக் கூட்டத்துக்கு வரச்சொல்லும் செய்தியும் அங்கேதான் போகும். பங்குத்தொகை எவ்வளவு இருந்தாலும் ஒருவருக்கு ஒரு ஓட்டு என்பதுதான் கூட்டுறவில் உங்களைப் போன்றவர்களுக்கு இருக்கும் ஒரே பலம். கூட்டம் என்றைக்கு என்பதே தெரியாமல் எந்த ஓட்டைப் போடப் போகிறீர்கள்? கார்டில் உங்கள் படம் இருக்கிறது. மற்றதெல்லாம் பையன் சட்டைப்பையில் இருக்கிறது.

உங்கள் குடும்பம் சிலோனிலிருந்து வந்தது என்பதால் இதைச் சொல்கிறேன். 1964-ல் இந்தியாவும் இலங்கையும் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு இங்கே வந்தவர்களின் பாட்டன் பூட்டன் காலத்தில், சிலோன் தோட்டங்களில் தொழிலாளியின் கடன், ஆள் சேர்த்துக் கொண்டுவந்து வேலை வாங்கிய கங்காணியின் நோட்டில்தான் இருந்தது. எவ்வளவு வாங்கினாய், எவ்வளவு கழிந்தது என்பதெல்லாம் கங்காணி சொல்வதுதான். கடன் பாக்கியை எழுதிக்கொடுக்கும் 'துண்டு' கையில் இல்லாமல் வேறு தோட்டத்தில் வேலைக்குச் சேர முடியாது. 1921-ல்தான் அந்தத் துண்டு முறையைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள். அந்தக் கங்காணியும் வேற்று ஆள் கிடையாது. பெரும்பாலும் சொந்த ஊர்க்காரன், சொந்த சாதிக்காரன், பல இடங்களில் மாமன் மச்சான். அதனாலேயே யாரும் நோட்டைக் காட்டச் சொல்லிக் கேட்கவில்லை. தன் கணக்கு தன் கைக்கு வர அத்தனை வருஷம் காத்திருந்த வம்சத்தில் பிறந்துவிட்டு, ஒரு படிவத்தின் ஒரு கட்டத்தில் அதைத் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். கேட்டால், பட்டன் போன்தான் இருக்கிறதாம்!

பட்டன் போனுக்கும் ஓ.டி.பி. வரும் அம்மா. செயலியைத் திறந்து பார்க்கத்தான் பெரிய போன் வேண்டும். லைன் வீட்டில் சிக்னல் எடுக்கவில்லை என்றால் ரோட்டுக்கு ஏறிவந்து பாருங்கள். பறித்த கொழுந்தை எடை போடும் இடத்தில் தராசு முள்ளை விட்டுக் கண்ணை எடுக்காத பெண்களை எனக்குத் தெரியும். கால் கிலோ குறைத்து எழுதினால் கணக்கரை அங்கேயே நிறுத்தி வைத்துக் கேட்பார்கள். நீங்களும் அப்படித்தான் இருப்பீர்கள். கால் கிலோவுக்கு விடாத கண்ணை 80,000 ரூபாய்க்கு ஏன் மூடிக்கொண்டீர்கள்?

காரணம் எனக்குத் தெரியும். பையன் என்பதுதான் காரணம். மகள் இதே ஊரில் இருக்கிறாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நம்பர் தேவைப்பட்டபோது அவள் நினைவுக்கு வரவில்லை, மலையிறங்கித் திருப்பூர் வரை போய்விட்டது உங்கள் மனசு. கட்டிக்கொடுத்தவள் வேறு வீட்டுப் பிள்ளை, ஆண்பிள்ளைதான் வாரிசு, அதுதானே? உடனே மகள் நம்பருக்கு மாற்றிவிடாதீர்கள், அதுவும் தப்புதான். ஆனால் காய்ச்சல் என்றால் கஞ்சி கொண்டுவருவது யார், கையெழுத்தை நம்பி ஒப்படைப்பது யாரிடம் என்று ஒரு ராத்திரி உட்கார்ந்து யோசியுங்கள்.

பையன் பணத்தை எடுத்துவிட்டான் என்று நான் சொல்லவில்லை. அவனுக்கு ஒரு தேவை இருக்கிறது என்கிறேன். பைக் தவணையோ, வாங்கிய கடனோ, தனியாக மெஷின் போடும் ஆசையோ. அம்மாவிடம் கேட்க அவனுக்குக் கூச்சம். அவன் கேட்டால் இல்லை என்று சொல்ல உங்களுக்குக் கூச்சம். 'உனக்குத் தகுதி இருக்காம்மா' என்பது அந்தக் கூச்சத்தில் வந்த பேச்சு. பிள்ளை கஷ்டத்தில் இருந்தால் தாய் கொடுக்கத்தான் வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. சேமிப்பிலிருந்து கொடுங்கள், தோட்டைக் கழற்றிக் கொடுங்கள். அது உங்களுடையது. நாலு பெண்களின் ஜாமீனும் உங்களுடையதா?

கடன் வாங்கியவர் எவ்வளவுக்குப் பொறுப்போ, ஜாமீன் போட்டவரும் அவ்வளவுக்கும் பொறுப்பு. 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத வரை, முதலில் உங்களைக் கேட்டுவிட்டுத்தான் அவர்களிடம் வர வேண்டும் என்றுகூட இல்லை. 30,000 ரூபாய் லோனுக்கு அவர்கள் போட்ட கையெழுத்து 80,000-க்குத் தானாக நீளாது. அதனால்தான் சங்கம் இப்போது புதுப் படிவம் நீட்டுகிறது. அதில் 'எடுக்கும் எல்லாக் கடனுக்கும்' என்று இருக்கிறதா, இந்தத் தொகைக்கு மட்டும் என்று இருக்கிறதா என்று யாரையாவது சத்தமாகப் படிக்கச் சொல்லி ஐந்து பேரும் சேர்ந்து கேளுங்கள். பொதுவாகப் போட்ட ஜாமீனையும் இனி எடுக்கப்போகும் கடன்களுக்கு இல்லை என்று எழுதிக்கொடுத்து நிறுத்திவிடலாம், அதே சட்டத்தில் வழி இருக்கிறது. இதை உங்கள் குழுவிடம் நீங்களே சொல்ல வேண்டும். தலைவி என்று உங்கள் முகத்தைப் பார்க்கிறார்கள் என்றால் இதற்குத்தான்.

அந்த 'நூற்றுக்கு ஒரு ரூபாய்' கணக்கையும் பையனுக்குச் சேர்த்தே சொல்லுங்கள். 80,000-ஐ 24 மாதத்தில் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். முதல் தொகைக்கே கடைசி வரை வட்டி போட்டால் வட்டி மட்டும் 19,200. மாதத் தவணை 4,133. அசல் குறையக் குறைய மீதிக்கு மட்டும் அதே ஒரு ரூபாய் வட்டி என்றால் தவணை 3,766, மொத்த வட்டி 10,400-க்குள் முடிந்துவிடும். முதல் முறையில் உண்மையான வட்டி வருஷத்துக்கு 21.5 சதவீதத்துக்கு மேலே போகிறது. நோட்டீசில் இரண்டையும் ஒரே மாதிரி 'ஒரு ரூபாய்' என்றுதான் போடுவார்கள். எந்த முறை என்று எழுத்தில் வாங்குங்கள்.

அப்புறம் பனிக்காலம். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்து செடி கருகினால் கொழுந்து ஏது, கூலி ஏது? தவணை மட்டும் அதே தேதியில் வந்து நிற்கும். கடன் சேவையைப் புதுப்பிக்கிறோம் என்று சொல்லும் சங்கம் மலையில் இருந்துகொண்டு இதைத்தான் முதலில் யோசித்திருக்க வேண்டும்: பனி மாதங்களில் தவணை குறைவு, கொழுந்து நிறைய வரும் மாதங்களில் கூடுதல். வங்கிகளும் பைனான்ஸ் கம்பெனிகளும் கொடுக்கும் நுண்கடனுக்கு ரிசர்வ் வங்கி 2022-ல் ஒரு வரம்பு வைத்தது. வருஷ வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பத்தில், எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. உங்கள் சங்கத்துக்கு அந்த விதி வராது. நீங்களே போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு அது. கொழுந்து கொட்டும் மாதத்துச் சம்பளத்தை வைத்துப் போடாதீர்கள், ஜனவரிச் சம்பளத்தை வைத்துப் போடுங்கள்.

மாதக் கூட்டத்தை நிறுத்த விடாதீர்கள். 1904-ல் திருவள்ளூர் பக்கம் திரூரில் கடன் சங்கம் தொடங்கிய காலத்திலிருந்தே, இந்த மாதிரிச் சங்கங்களை நிற்க வைத்தது ஒருவரை ஒருவர் தெரியும் என்பதுதான். யார் வீட்டில் அடுப்பு எரிகிறது, யார் வீட்டில் குடி புகுந்துவிட்டது என்று அந்த ஐந்து பெண்களுக்குத் தெரிவது எந்த போனுக்கும் தெரியாது. செயலி வரட்டும், கார்டு வரட்டும். ஐந்து பேரும் உட்கார்ந்து சம்மதம் சொல்லாமல் குழுவில் யாருக்கும் லோன் கிடையாது என்று தீர்மானம் எழுதிச் சங்கத்தில் கொடுங்கள். வாங்கிக்கொள்ள மறுத்தால், கூட்டுறவுத் துணைப்பதிவாளர் அலுவலகத்துக்கு எழுதுங்கள்.

இதெல்லாம் அடுத்த வேலை. முதல் வேலைக்கு நாளைக்கே ஒரு நாள் கூலி போனாலும் பரவாயில்லை, சங்க அலுவலகத்துக்குப் போங்கள். என் கணக்கில் பதிவான நம்பரை மாற்றி என் சொந்த நம்பரைப் பதிய வேண்டும் என்று ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக்கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். அங்கேயே நின்று என் பெயரில் ஏதாவது கடன் ஏறியிருக்கிறதா என்று பேரேட்டைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். ஏறியிருந்தால் சத்தம் போடாமல் தேதியையும் தொகையையும், எந்தக் கணக்குக்குப் போனது என்பதையும் குறித்துக்கொண்டு வாருங்கள். ஏறவில்லை என்றால், அன்றைக்கு ராத்திரி பையனுக்கு நீங்கள் போன் போடுங்கள். 'நம்பரை மாத்திட்டேன்டா. உனக்கு என்ன பணக்கஷ்டம்னு இப்பச் சொல்லு' என்று கேளுங்கள். கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள், அவன் பேசட்டும்.

சங்கத்தில் இருக்கலாமா விலகலாமா என்பதை அடுத்த கடிதத்தில் கேளுங்கள். அவன் என்ன சொன்னான் என்பதையும் அதில் எழுதுங்கள்.