மரியோ பார்ட்டியில் வார்ப் பிளாக் வாங்குவது வீணா? போட்டாலே எதிராளிக்குத்தான் லாபமாகிறதே?

நீங்கள் சொன்ன நிலைமை இது: மரியோ பார்ட்டி சூப்பர்ஸ்டார்ஸ் (நான்கு பேர் டைஸ் உருட்டிக் கட்டங்களில் நகர்ந்து, 20 காசு கொடுத்து ஸ்டார் வாங்கும் நின்டெண்டோ வீடியோ கேம்), ஸ்டாருக்கு 6 கட்டம் முன்னால் நிற்கிறீர்கள், கையில் 20 காசுக்கு மேல் இருக்கிறது. இன்னொருவரோடு இடம் மாற்றிவிடும் வார்ப் பிளாக்கைப் போட்டீர்கள். தம்பி உங்கள் இடத்துக்கு வந்தான், தன் முறையில் டைஸ் போட்டு ஸ்டாரை வாங்கிவிட்டான். அதனால் இந்த ஐட்டமே குப்பை என்கிறீர்கள்.

ஐட்டம் குப்பை இல்லை. போடவே கூடாத இடத்தில் போட்டிருக்கிறீர்கள். இந்தத் தொடரில் இவ்வளவு தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட ஐட்டம் வேறு இல்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அது என்ன செய்கிறது என்று தெளிவாக வைத்துக்கொள்வோம். டைஸ் போடுவதற்கு முன்னால் பயன்படுத்த வேண்டும். மற்ற மூவரில் ஒருவரை அதுவே எடுக்கும், நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. இருவரும் இடம் மாறுவீர்கள். அதன்பிறகு புது இடத்திலிருந்து நீங்கள் வழக்கம்போல டைஸ் போடலாம். கடைசியாகச் சொன்னதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்: இடம் மாறுவதால் உங்கள் முறை முடிந்துவிடுவதில்லை. ஆனால் ஒரு முறையில் ஒரு ஐட்டம்தான். வார்ப் பிளாக் போட்டால் அந்த முறையில் இரண்டு டைஸ் உருட்டும் டபுள் டைஸ் கிடையாது, வேண்டிய எண்ணை வைக்கும் கஸ்டம் டைஸும் கிடையாது. வார்ப் பிளாக்கின் உண்மையான விலை கடையில் கொடுக்கும் காசு அல்ல, அந்த முறையில் போட முடியாமல் போகிற இன்னொரு ஐட்டம்தான்.

இனி கணக்கு. சூப்பர்ஸ்டார்ஸில் சாதாரண டைஸ் 1 முதல் 10 வரை. மேப்பைத் திறந்து உங்கள் காயிலிருந்து ஸ்டார் நிற்கும் இடத்தையும் சேர்த்து எண்ணுங்கள். வரும் எண்ணை 11-இலிருந்து கழித்து, அதைப் பத்தால் பெருக்கினால் ஒரே உருட்டில் ஸ்டாரை எட்டும் சதவீதம் வரும். 1 என்றால் 100, 4 என்றால் 70, 6 என்றால் 50, 10 என்றால் 10, அதற்கு மேல் பூஜ்யம். பாதை பிரிந்தால் குறுக்கு வழியை எண்ணுங்கள். உங்களுக்கு மட்டுமல்ல, மற்ற மூவருக்கும் எண்ணுங்கள். மூவரின் சதவீதத்தையும் கூட்டி மூன்றால் வகுத்தால் வருவதுதான் வார்ப் பிளாக் போட்டால் உங்களுக்குக் கிடைக்கும் வாய்ப்பு.

உங்கள் நிலைமையில் போட்டுப் பார்ப்போம். 6 கட்டத்தில் நின்றால் ஒன்றுமே செய்யாமல் உங்களுக்கு 50 இருக்கிறது. வார்ப் பிளாக் அதைவிட லாபமாக வேண்டுமென்றால் மற்ற மூவரின் கூட்டுத்தொகை 150-ஐத் தாண்ட வேண்டும். அதாவது குறைந்தது இரண்டு பேராவது ஸ்டாருக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். அப்படி அமைவது அபூர்வம். அதே இடத்தில் டபுள் டைஸ் போட்டிருந்தால் 90. கஸ்டம் டைஸ் இருந்திருந்தால் எண்ணை நீங்களே வைக்கலாம், 100.

எட்டாத தூரத்தில் நிற்கும்போதுதான் கணக்கு மாறுகிறது. நீங்கள் 14 கட்டம் தள்ளி நிற்கிறீர்கள், மற்றவர்கள் 3, 9, 25 என்று வைத்துக்கொள்வோம். அவர்களின் வாய்ப்பு 80, 20, 0. வார்ப் போட்டால் உங்களுக்கு 33 சதவீதம். டபுள் டைஸில் 14 அல்லது அதற்கு மேல் வர 28 சதவீதம்தான். நூற்றுக்கு 5 தானே வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் டபுள் டைஸ் தவறினால் 3 கட்டத்தில் நிற்பவர் தன் 80 சதவீதத்தோடு அப்படியே நிற்பார். வார்ப் பிளாக்கிலோ மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பில் அவர் 14-க்குத் தள்ளப்படுவார். 18 கட்டம் தள்ளி நின்றால் டபுள் டைஸ் வெறும் 6 சதவீதம், வார்ப் பிளாக் அதே 33. ஆகவே பின்தங்கியவனுக்கான ஐட்டம் இது. முன்னால் நிற்பவன் இதைத் தொடக்கூடாது.

இதைவிடச் சிறந்த தருணம் ஒன்று உண்டு. ஸ்டாரை எட்டியும் 20 காசு இல்லாததால் தாண்டிப் போய்விட்டீர்கள். யாரும் வாங்காததால் ஸ்டார் இடம் மாறவில்லை. அந்தச் சுற்றின் முடிவில் மினி கேம் ஜெயித்து 10 காசு வந்தது, இப்போது கையில் 20 ஆகிவிட்டது. மற்ற மூவரும் ஸ்டாருக்குப் பின்னால்தான் இருக்கிறார்கள். இங்கே வார்ப் பிளாக்குக்கு எந்தச் சீட்டு விழுந்தாலும் உங்களுக்கு முன்னேற்றம்தான், மாட்டுகிறவர் முழுச் சுற்று சுற்றி வர வேண்டும். சுற்றுப்பாதை உள்ள போர்டில் இந்த ஒரு தருணத்துக்காகவே மூன்று ஐட்டப் பையில் ஓரிடம் ஒதுக்கி வைக்கலாம்.

யார் முதலில் ஆடுகிறார் என்பதைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. "கடைசியாக ஆடுபவன் போட்டால் ஆபத்தில்லை" என்பார்கள். சாதாரணச் சுற்றில் அது சரியல்ல. உங்களுக்கு அடுத்த முறை வருவதற்குள் மற்ற மூவருமே ஒவ்வொரு தடவை ஆடிவிடுவார்கள், நீங்கள் எத்தனையாவது ஆளாக இருந்தாலும். மாறுவது காசு மட்டும்தான். உங்களுக்குப் பிறகு இதே சுற்றில் ஆடுபவர் கையில் இருப்பதை வைத்துத்தான் ஸ்டார் வாங்க வேண்டும், 15 காசோடு இருந்தால் பெரும்பாலும் ஆபத்தில்லை. உங்களுக்கு முன்னால் ஆடி முடித்தவருக்கோ அடுத்த உருட்டுக்கு முன் ஒரு மினி கேம் இருக்கிறது. அவரிடம் 10 காசு இருந்தாலே 20 ஆகிவிடலாம். நல்ல இடத்தை விட்டுக்கொடுக்கும் முன் இதைப் பாருங்கள்.

கடைசி டர்ன் மட்டும் விதிவிலக்கு. நான்காவது ஆளாகக் கடைசி டர்னில் ஆடுகிறீர்கள் என்றால் நீங்கள் விட்டுச் செல்லும் இடத்திலிருந்து யாரும் டைஸ் போடப் போவதில்லை. உங்கள் இடத்திலிருந்து ஸ்டார் எட்டாது, மற்ற மூவரில் ஒருவருக்காவது எட்டும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு போடலாம்.

போர்டைப் பொறுத்து மதிப்பு நிறையவே மாறும். யோஷியின் தீவு போர்டில் இரண்டு தீவுகள், நடுவே பாலத்தில் த்வாம்ப் என்ற கல் பாத்திரம் சுங்கம் வாங்கும், அது போகப் போக ஏறும். ஒரு தீவில் ஸ்டார், மற்றதில் வில்லன் பவுசர். வார்ப் பிளாக் உங்களைச் சுங்கமே கட்டாமல் அக்கரைக்குக் கொண்டுபோகும். ஆனால் அங்கே நிகழ்வுக் கட்டத்தில் யாராவது கால் வைத்தால் ஸ்டாரும் பவுசரும் இடம் மாறிவிடுவார்கள். அதனால் போட்ட அதே உருட்டில் எட்டும் தூரமாக இருந்தால் மட்டும் போடுங்கள். ஹாரர் லேண்டில் பூட்டிய கதவுக்கு அந்தப் பக்கம் ஒருவர் இருந்தால் எலும்புச் சாவி இல்லாமலே அங்கே போக இது ஒரு வழி.

பீச்சின் பிறந்தநாள் கேக் போர்டில் ஸ்டார் இடம் மாறுவதே இல்லை. ஸ்டார் வாங்கியவுடன் நீங்கள்தான் எல்லோரிலும் பின்தங்கியவர், அடுத்த ஸ்டாருக்கு முழுச் சுற்று பாக்கி. அந்த நொடியில் உங்கள் இடத்தைவிட மோசமான இடம் போர்டில் கிடையாது. அடுத்த முறையே வார்ப் போட்டால் இழக்க ஒன்றுமில்லை. ஸ்டார் பக்கமா பவுசர் பக்கமா என்று வழியை முடிவு செய்யும் விதைச் சீட்டு பவுசர் பக்கம் தள்ளிவிடலாம் என்பதை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற போர்டுகளில் நல்லது எது என்று யோசிக்க வேண்டியிருக்கும், கேக்கில் யோசனையே வேண்டாம்.

ஸ்பேஸ் லேண்ட் தனிக்கதை. அங்கே இது தற்காப்பு ஆயுதம். நடுப்பாதையில் பவுசரின் கதிர்த் துப்பாக்கி, எண்ணிக்கை 5-இல் தொடங்கிக் கடப்பவர்களால் ஒவ்வொன்றாகக் குறையும், பூஜ்யமானதும் அந்தப் பாதையில் நிற்கும் எல்லோருக்கும் காசு முழுவதும் போய்விடும். எண்ணிக்கை 1 அல்லது 2-இல் இருக்கும்போது நீங்கள் நிறையக் காசோடு நடுப்பாதையில் மாட்டியிருந்தால், மற்ற மூவரும் வெளியே இருந்தால், வார்ப் பிளாக் யாரை எடுத்தாலும் நீங்கள் தப்பிவிடுவீர்கள். உங்கள் இடத்தில் இன்னொருவர் நிற்பார். இந்தப் போர்டில் ஸ்டார் கணக்கைவிட இதுதான் முக்கியம். மாறி நின்ற இடத்திலிருந்து போடும் டைஸ் உங்களையே மறுபடி நடுப்பாதைக்குள் கொண்டுபோய் விடாதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

காசு அதிகம் இருப்பவர்கள் பூ (Boo) என்ற பேய் நிற்கும் இடத்தையும் எண்ண வேண்டும். 50 காசு கொடுத்தால் இன்னொருவரின் ஸ்டாரைத் திருடித் தரும். உங்களிடம் 50 இருந்து, பேய் 20 கட்டம் தள்ளி, மற்றவர்கள் அதன் வாசலில் நிற்கிறார்கள் என்றால் முன்னே சொன்ன அதே சதவீதக் கணக்கைப் பேய்க்கும் போடுங்கள். பேயின் வாசலில் நிற்பது நீங்களாக இருந்தால் போடவே போடாதீர்கள்.

பழைய ஆட்டங்களில் தேடுபவர்களுக்கு: 1998-இல் நின்டெண்டோ 64-இல் வந்த முதல் ஆட்டத்தில் ஐட்டப் பையே கிடையாது, வார்ப் பிளாக் தலைக்கு மேல் தோன்றும் விசேஷ பிளாக்குகளில் ஒன்றாக வந்தது. இரண்டாவதில்தான் கையில் வைத்துக்கொள்ளும் ஐட்டமானது, அதிலும் ஒரே ஒரு ஐட்டம்தான் வைத்துக்கொள்ள முடியும். மூன்றாவதில் பை மூன்றானது. 2002-இல் வந்த நான்காவதில் இதே வேலையை வார்ப் பைப் செய்கிறது. அதிலுள்ள ஸ்வாப் கார்டு இடத்தை மாற்றாது, ஐட்டங்களைத்தான் மாற்றும், குழப்பிக்கொள்ளாதீர்கள். 2012-இல் வந்த ஒன்பதாவதில் நால்வரும் ஒரே வண்டியில் போவதால் இடம் மாற்ற இடமே இல்லை. அந்த ஆட்டத்தில் எனக்கு மனம் ஒட்டாததற்கு இதுவே முதல் காரணம்.

"இது அதிர்ஷ்ட விளையாட்டு, இதற்குப் போய் சதவீதமா?" என்று யாராவது கீழே எழுதுவார்கள். டைஸில் என்ன விழும் என்பது அதிர்ஷ்டம். எந்த இடத்தில் நின்று போடுகிறோம் என்பது நம் கையில் இருக்கிறது. வார்ப் பிளாக் போட்டால் ஜெயிப்பீர்கள் என்று நான் எங்கும் சொல்லவில்லை, எப்போது போட்டால் நஷ்டம் குறைவு என்றுதான் சொல்கிறேன். யூடியூப் தரவரிசைகளில் இதைக் கடைசிப் படியில் வைத்துவிட்டுப் போகிறவர்கள் எந்தப் போர்டு, எத்தனை டர்ன் என்று ஒரு வார்த்தை சொல்வதில்லை. 10 டர்ன் ஆட்டத்தில் நல்ல தருணம் வராமலே போகலாம், அங்கே கடைசி இடம் நியாயம்தான். 20, 30 டர்னில் அது நியாயமே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆன்லைனில் இதைச் சரியான நேரத்தில் போட்டு ஒருவரின் ஸ்டாரைத் தட்டினால் பலர் அந்த நொடியே வெளியேறிவிடுகிறார்கள். அவர்கள் இடத்துக்கு கம்ப்யூட்டர் வந்து உட்காரும். மிச்சமிருக்கும் மூன்று பேரின் முக்கால் மணி நேரம் பாழாகிறது. ஒரு கட்டம் பறிபோனதற்காக இன்னொருவரின் மாலைப் பொழுதைக் கெடுப்பது மரியாதையே இல்லை. தோற்றாலும் உட்கார்ந்து முடிக்கும் ஆளோடு ஆடுங்கள், அந்த விதத்தில் உங்கள் தம்பி நல்ல துணை.

அடுத்த தடவை அவனோடு ஆடும்போது கடையில் காசு மிஞ்சினால் வார்ப் பிளாக் ஒன்று வாங்கிப் பையில் போடுங்கள், கூடவே கஸ்டம் டைஸும் இருந்தால் இன்னும் நல்லது. பின்தங்கியிருக்கும்போது முதலாவதைப் போட்டு முன்னால் வந்து, அந்த உருட்டில் ஸ்டார் கிடைக்காவிட்டால் அடுத்த முறை இரண்டாவதைப் போட்டு 10 கட்டத்துக்குள் நிற்கும் ஸ்டாரை எடுத்துவிடலாம். ப்ளண்டர் செஸ்ட் வைத்திருப்பவர் இடையில் கஸ்டம் டைஸைத் திருடிவிடக்கூடும் என்பதால், அவர் பையை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.