கிளப்பில் சேரலாமா என்று கேட்ட காவேரிப்பட்டணம் தம்பிக்கு

தம்பி, அட்லாண்டாவில் வேலை கிடைத்திருக்கிறது, பெரிய ஆட்கள் எல்லாம் கோல்ஃப் கிளப்பில்தான் பழகுகிறார்களாமே, நானும் சேரலாமா, நிறம் பார்ப்பார்களா என்று கேட்டிருக்கிறாய். வாடகை, லைசென்ஸ் எல்லாம் வந்து இறங்கினால் தானாகப் புரியும். கிளப் விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

நிறம் பார்ப்போம் என்று எந்த விதியிலும் இருக்காது. பழைய மெம்பர்கள் உனக்காகக் கையெழுத்துப் போட வேண்டும், கமிட்டி கூடிப் பார்க்கும், அப்புறம் வெயிட்டிங் லிஸ்ட். நான் வந்த புதிதில் கூட வேலை பார்த்தவர் ஒருவர் மதியச் சாப்பாட்டுக்கு கெஸ்டாகக் கூட்டிப்போனார். முடித்துவிட்டு என் பங்குக்குப் பர்ஸை எடுத்தேன். பரிமாறியவர், "இங்கே காசு வாங்குவதில்லை சார், மெம்பர் நம்பர்தான்" என்றார். அந்த ஹாலில் அவரும் நானும்தான் கறுப்பு. சுவரில் முன்னாள் பிரசிடெண்ட்கள் வரிசையாகத் தொங்கினார்கள், அத்தனையும் வெள்ளை முகம். பிறகு நானும் ஃபாரம் கொடுத்தேன். முடியாது என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

சட்டம் பேசலாம் என்று கிளம்பாதே. 1964 சிவில் உரிமைச் சட்டம் ஹோட்டலையும் தியேட்டரையும் பிடிக்கும். நிஜமான தனியார் கிளப்புக்கு அதில் விலக்கு உண்டு. பென்சில்வேனியாவில் லெராய் இர்விஸ் என்ற கறுப்பின சட்டமன்ற உறுப்பினரை மெம்பர் ஒருவரே கெஸ்டாக அழைத்துப்போயும் மூஸ் லாட்ஜ் என்ற தனியார் கிளப்பில் பரிமாற மறுத்தார்கள். கேஸ் சுப்ரீம் கோர்ட் வரை போய் 1972-ல் கிளப்தான் ஜெயித்தது. அட்லாண்டா இருக்கிற இதே ஜார்ஜியாவில் அகஸ்டா நேஷனல் என்ற பெரிய கோல்ஃப் கிளப் முதல் கறுப்பின மெம்பரைச் சேர்த்ததே 1990-ல்.

வெள்ளைக்காரனை விடு, எனக்கு எரிச்சல் நம்ம ஆட்கள்மேல்தான். எப்படியோ ஒரு கிளப்புக்குள் போய்விட்ட ஒருவர், கோயிலுக்கே அதன் முத்திரை போட்ட சட்டையில்தான் வருவார். அடுத்தவனுக்குக் கையெழுத்துக் கேட்டால் "பார்க்கலாம், பார்க்கலாம்." அவரேதான் பொங்கல் விழாவில் புதிதாக வருகிறவனைப் பிடித்து, "பாலக்கோடா? பாலக்கோட்டில் எந்தத் தெரு?" என்று ஆரம்பிப்பார். எதற்குக் கேட்கிறார் என்று தருமபுரிக்காரனுக்குத் தெரியாதா? எங்கள் ஊர் டீக்கடையில் எங்களுக்கென்று தனி டம்ளர் கூரையில் செருகியிருக்கும். அப்பா குடித்துவிட்டு, அவரே கழுவி, அதே இடத்தில் செருகிவிட்டு வருவார். கடைக்காரரும் முடியாது என்று ஒருநாளும் சொன்னதில்லை, டீ ஊற்றத்தான் செய்தார்.

கோல்ஃப் ஆட ஆசையென்றால் சிட்டி மைதானத்துக்கு வா, காசு கட்டினால் யாரும் ஆடலாம். அதுவும் சும்மா கிடைக்கவில்லை. 1951-ல் உள்ளே விடாமல் திருப்பி அனுப்பப்பட்ட ஹோம்ஸ் என்ற கறுப்பினக் குடும்பம் கேஸ் நடத்தி 1955-ல் ஜெயித்தது. அந்தக் குடும்பத்து டப் ஹோம்ஸ் பெயரிலேயே இப்போது ஒரு மைதானம் இருக்கிறது. சனிக்கிழமை காலையில் நான் அங்கேதான் இருப்பேன். இப்போதைய வேலைக்கு என்னைச் சொல்லிவிட்டவரும் அங்கே பழக்கமானவர்தான், எந்த கிளப்பும் அறிமுகம் செய்து வைக்கவில்லை. மட்டை வாங்கிச் செலவு செய்யாதே, கராஜில் என் பழைய செட் கிடக்கிறது. வரும்போது ஊர் கேழ்வரகு மாவு ரெண்டு கிலோ எடுத்து வா. இங்கே கடையில் விற்பது களிக்கு ஆகாது.