துளை கடைசியில்தான்: வீட்டில் கட்டும் விமானத்தின் வால், கேள்வி பதில்

கேள்வி: சார், இடது, வலது எலிவேட்டர்களை (விமானத்தின் மூக்கை ஏற்றி இறக்கும், வாலின் அசையும் பகுதிகள்) பூட்டிவிட்டேன். நடுவில் ஒரு ஹார்ன் (எலிவேட்டரைத் திருப்பும் கை) மற்றதைவிட 3 மி.மீ. முன்னால் நிற்கிறது. கெட்டுப்போச்சா?

பதில்: இல்லை. வெல்டிங் சூட்டில் ஹார்ன் கொஞ்சம் அசையும். பலருக்கும் இப்படித்தான் வரும். ஹார்ன் ஓரங்களைச் சேர்க்கப் பார்க்காதீர்கள். சேர வேண்டியவை எலிவேட்டர்கள். நேரான பலகைகளை மேலும் கீழும் வைத்து, இரு நுனியிலும் எதிர்எடைக் கையை (கீலுக்கு முன்னால் நீண்டு எடை தாங்கும் பகுதி) ஸ்டெபிலைசரோடு (வாலின் அசையாத கிடைப் பகுதி) கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். பின்னால் தள்ளிப்போய்க் குனிந்து பின்விளிம்பைப் பாருங்கள். திருப்தியானபின்தான் புஷ்ராட் (ஹார்ன்களைத் தள்ளி இழுக்கும் தண்டு) போல்ட்டுக்குத் துளை. துரப்பணம் சாயாமலிருக்க வழிகாட்டிக் கட்டை வையுங்கள். துளையின் மையம் ஹார்ன் ஓரத்திலிருந்து விட்டத்தைப்போல் 2 மடங்காவது உள்ளே இருக்கட்டும். இரண்டு ஹார்னில் எதிலாவது இடம் போதாதென்றால் துளை போடாமல் நிறுத்துங்கள்.

கேள்வி: எலிவேட்டர்களைத் தனித்தனியாக அசைத்தால் தடையில்லாமல் அசைகிறது. போல்ட் போட்டதும் மேலே போகப்போக இறுகுகிறது.

பதில்: இரண்டு எலிவேட்டரும் ஒரே அச்சில் சுழலவில்லை. முதல் விமானத்தில் நானும் இதில் மாட்டினேன். அவசரப்பட்டுத் துளை போட்டு, பிறகு ஹார்ன்களையே மாற்ற வேண்டியதாயிற்று. போல்ட்டைக் கழற்றிவிட்டு, எல்லாக் கீல் துளைகள் வழியாகவும் மெல்லிய நூலை இழுத்துக் கட்டிப் பாருங்கள். எந்தக் கீல் விலகியிருக்கிறதோ அதன் ராட் எண்ட் பேரிங்கை (மரையால் உள்ளே வெளியே நகர்த்தக்கூடிய கீல் முனை) அரை அரைச் சுற்றாகத் திருப்புங்கள்.

கேள்வி: ஸ்டெபிலைசர் விமானத்தின் உடம்புக்கு நேராக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது அண்ணா?

பதில்: முதலில் உடம்பை இருபுறமும் ரசமட்டம் பார்த்து நிறுத்துங்கள். முன்பக்கம் நடுக்கோட்டில் ஒரு புள்ளி. அங்கிருந்து ஸ்டெபிலைசரின் இரு நுனிக்கும் டேப் பிடித்தால் ஒரே அளவு வர வேண்டும். நூல் தொய்யும், துணி டேப் நீளும். இரும்பு டேப்பே நல்லது.

கேள்வி: எல்லாம் சரிசெய்தும் ஒரு பின்விளிம்பின் உள்முனை மட்டும் 2 மி.மீ. தூக்கலாக இருக்கிறது.

பதில்: அந்த எலிவேட்டரே கொஞ்சம் முறுக்கிக்கொண்டிருக்கிறது. ரிவெட் அடித்தபின் அது நிமிராது. வரைபடம் அனுமதிக்கும் அளவுக்குள் இருந்தால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: பெயிண்ட் அடித்தபின் எலிவேட்டரின் சமநிலையை மறுபடி பார்க்க வேண்டுமா?

பதில்: கட்டாயம். கீலுக்குப் பின்னால்தான் பரப்பு அதிகம், பெயிண்ட்டின் எடையும் அங்கேதான் ஏறும். எதிர்எடை போதாமல் போனால் வேகத்தில் ஃப்ளட்டர் (காற்றில் தானே பெருகும் நடுக்கம்) வரும். நடுங்கத் தொடங்கிய வால் சில நொடிகளில் பிய்ந்துபோகலாம். புஷ்ராடைக் கழற்றி, சமநிலையைத் திரும்ப அளந்துவிட்டுப் பூட்டுங்கள்.