கரண்ட் போனால் கரு கெடுமா?

கேள்வி: 2017இல், 33 வயதில், கொழும்பில் ஐ.வி.எஃப். (கருவை உடம்புக்கு வெளியே உண்டாக்கி கர்ப்பப்பையில் வைக்கும் சிகிச்சை) செய்து மூத்தவன் பிறந்தான். மிச்சம் மூன்று கருவை உறைய வைத்திருக்கிறோம். இப்போது எனக்கு 41. இன்னொரு பிள்ளைக்கு ஆசை. மாமியோ, "இவ்வளவு வருசம் ஐசில கிடந்தது உருப்படுமா, 22இல கரண்டும் இல்லையே" என்கிறார். – களுவாஞ்சிகுடி வாசகி

தங்கச்சி, மாமி கேட்டது நல்ல கேள்வி. 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்கள், என் வீட்டு ஃப்ரிட்ஜில் கிடந்த அறக்குளாவை நாய்க்குத்தான் போட்டேன். ஆனால் கரு இருப்பது ஃப்ரிட்ஜில் இல்லை. தேத்தண்ணி பிளாஸ்க் மாதிரி இரட்டைச் சுவர் வைத்த தாங்கியில், திரவ நைதரசனுக்குள், மைனஸ் 196 பாகையில் கிடக்கிறது. அதற்குக் கரண்ட் வேண்டாம், ஆவியாகிக் குறையும் நைதரசனை நேரத்துக்கு ஊற்றினால் சரி. அந்த மாதங்களில் தட்டுப்பாடில்லாமல் ஊற்றினார்களா, பதிவு இருக்கிறதா என்று கிளினிக்கில் கேளுங்கள். வெட்கப்பட வேண்டாம், காசு கட்டுவது நீங்கள்.

வருசக் கணக்கை விடுங்கள். அமெரிக்காவின் ஓரிகனில் 2022இல் பிறந்த இரட்டைப் பிள்ளைகள், வேறொரு தம்பதிக்காக 1992இல் உறைய வைத்த கருக்கள். அப்போது அவர்களை வளர்க்கும் தகப்பனுக்கே 5 வயதுதான்! அந்தக் குளிரில் கருவுக்குள் எதுவும் அசையாது. கெட்டால் உறைய வைக்கும்போது, இல்லாவிட்டால் உருக்கும்போது. மூன்றில் ஒன்று அப்படிப் போகவும் கூடும், மனதைத் தயார்படுத்தி வையுங்கள்.

வயது ஏறினால் பிள்ளைக்கு டவுன் சின்ட்ரோம் என்ற பிறவிக் குறைபாடு வருமோ என்ற பயம் இருந்தால், அதற்கும் முட்டை எடுத்த 33 வயதுதான் கணக்கு. 41 ஆனது உங்கள் உடம்பு. இந்த வயதில் பிரஷரும் சீனியும் எட்டிப் பார்க்கும், அதிலும் உறைந்த கருவை வைத்துக் கர்ப்பமானால் பிரஷர் ஏறும் வாய்ப்பு கொஞ்சம் கூட. அதனால் கொழும்புக்குப் போகமுதல் இங்கேயே பிரஷர், சீனி, தைரொய்ட், கர்ப்பப்பை ஸ்கேன் எல்லாம் பார்த்துவிடுங்கள். ஒரு தடவைக்கு ஒரு கரு போதும்; இரட்டை என்றால் ஒரே செலவோடு முடியும் என்று யாராவது கணக்குச் சொன்னால் காதில் போடாதீர்கள்.

அப்புறம், இரவு பஸ்ஸில் குலுங்கி வந்தால் கரு விழாது. அது கர்ப்பப்பைக்குள் இருக்கிறது, மடியில் இல்லை. அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், இருவரின் கையெழுத்தும் கேட்பார்கள்.

மாமி மூத்தவனுக்குச் சோறு தீத்துகிற நேரமாகப் பார்த்து, இந்த மூன்றும் அவனோடு ஒரே நாளில் உண்டானவை என்று சொல்லிப் பாருங்கள்.