ஹார்மோன் போட்டும் நொதி அசையவில்லையா? கருப்பை உட்சுவர் செல்கள்: கேள்வி-பதில்

கேள்வி: புரோஜெஸ்டிரோன் வகை மாத்திரையைப் பத்து நாள் சாப்பிடும்வரை ரத்தப்போக்கு இல்லை, நிறுத்திய பிறகு வருகிறது. ஏன்?

பதில்: ரத்தப்போக்கைத் தொடங்கிவைப்பதே புரோஜெஸ்டிரோன் குறைவதுதான். அது இருக்கும்வரை கருப்பை உட்சுவரின் ஸ்ட்ரோமா (சுரப்பிகளைச் சுற்றியுள்ள தாங்குதிசு) செல்களில் எம்.எம்.பி-1, எம்.எம்.பி-3, எம்.எம்.பி-9 ஆகிய நொதிகளின் உற்பத்தி அடங்கியிருக்கும். இவை கொலாஜன் முதலிய தாங்குபுரதங்களை வெட்டுபவை. புராஸ்டாகிளாண்டினைச் செயலிழக்க வைக்கும் 15-பி.ஜி.டி.எச். நொதிக்கோ புரோஜெஸ்டிரோன்தான் தூண்டுதல். மாத்திரை நின்றதும் வெட்டும் நொதிகள் ஏறுகின்றன, புராஸ்டாகிளாண்டினும் குவிகிறது, ரத்த நாளங்கள் இறுகி, மேலடுக்கு உதிர்கிறது. பெரும்பாலும் 2 முதல் 7 நாளில் இது நடக்கும். குரங்குகளில் செய்த சோதனைகளில், நிறுத்திய சுமார் 36 மணி நேரத்துக்குள் புரோஜெஸ்டிரோனைத் திரும்பக் கொடுத்தால் உதிர்வு நின்றது. அதைத் தாண்டிவிட்டால் நிற்கவில்லை.

மாத்திரையை நிறுத்தியும் ரத்தப்போக்கு வராவிட்டால் முதலில் கர்ப்பம் இல்லை என்று உறுதிசெய்யுங்கள். அடுத்தது ஈஸ்ட்ரோஜன் போதாமல் உட்சுவர் வளராமலே இருப்பது. வெளியேறும் வழியில் அடைப்பும் காரணமாகலாம். மருத்துவரைப் பார்க்க வேண்டிய விஷயம் இது. மாத்திரையின் அளவை நீங்களே கூட்டாதீர்கள்.

கேள்வி: இஷிகாவா செல்களில் (கருப்பை உட்சுவர்ப் புற்றுநோயிலிருந்து வளர்த்தவை) ஈஸ்ட்ராடையால் என்ற ஈஸ்ட்ரோஜனைக் கொடுத்து, அது தூண்டும் ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ் நொதியை மஞ்சள் நிறத்தால் அளக்கிறோம். ஹார்மோன் போடாத வெல்களும் (தட்டின் குழிகள்) மஞ்சளாகிவிடுகின்றன.

பதில்: ‘போடாத’ வெல்லில் ஹார்மோன் இல்லை என்பதற்கு என்ன உறுதி? முதல் சந்தேகம் மீடியத்தின் (செல் வளர்ப்புக் கரைசல்) மீதுதான். ஃபீனால் ரெட் கலந்த மீடியம் ஈஸ்ட்ரோஜன் போலச் செயல்படும் என்று 1986-லேயே காட்டிவிட்டார்கள். அந்தச் சாயத்தில் கலந்திருக்கும் மாசுதான் அந்த வேலையைச் செய்கிறது என்று பின்னால் தெரிந்தது. ஆகவே ஒரு பாட்டிலுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் இருக்கலாம். ஃபீனால் ரெட் இல்லாத மீடியம், கரியால் ஸ்டீராய்டு நீக்கிய 5 சதவீத சீரம், ஹார்மோன் சேர்க்கும் முன் இரண்டு மூன்று நாள் ஹார்மோன் பட்டினி: இந்த மூன்றும் கட்டாயம். ஆட்டோகிளேவ் செய்த பாலிகார்பனேட் குடுவையிலிருந்து ஈஸ்ட்ரோஜன் போலச் செயல்படும் பிஸ்ஃபீனால் ஏ கசியும் என்பது 1993-இல் தெரியவந்தது. தண்ணீரையும் பஃபரையும் எதில் வைக்கிறீர்கள் என்று ஒருமுறை பாருங்கள்.

இனி அளவீடு. 72 மணி நேரம் ஹார்மோன் கொடுத்தபின் தட்டை பாஸ்பேட் பஃபரால் மூன்று முறை கழுவி, கடைசிச் சொட்டுவரை வடியுங்கள். மிச்சமிருக்கும் பாஸ்பேட் இந்த நொதியைத் தடுக்கும். சில வெல்கள் மட்டும் குறைத்துக் காட்டுவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். மைனஸ் 80 டிகிரியில் 15 நிமிடம் வைத்து எடுத்து, உருகவிட்டு, பனிக்கட்டி மேல் வைத்தே கரைசலைச் சேர்க்க வேண்டும். வெல்லுக்கு 50 மைக்ரோலிட்டர். கரைசலில் பாரா-நைட்ரோஃபீனைல் பாஸ்பேட் 5 மில்லிமோலார், மக்னீசியம் குளோரைடு 0.24 மில்லிமோலார், டைஎத்தனாலமைன் 1 மோலார், பி.எச். 9.8. பிறகு அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்து 405 நானோமீட்டரில் படியுங்கள். பழைய கரைசல் தானாகவே மஞ்சளாகும் என்பதால் செல் இல்லாத வெல் ஒன்று தேவை. ஈஸ்ட்ரோஜன் ஏற்பியை (அந்த ஹார்மோன் ஒட்டும் புரதம்) தடுக்கும் ஃபுல்வெஸ்ட்ரன்ட் சேர்த்த வரிசையும் வையுங்கள். ‘போடாத’ வெல்லின் மஞ்சளே அதில் குறைந்தால் மீடியத்தில் ஈஸ்ட்ரோஜன் ஒளிந்திருக்கிறது. குறையவில்லை என்றால் கரைசலையும் செல்லின் அடிப்படை அளவையும் பாருங்கள்.

கேள்வி: பிரித்தெடுத்த சுரப்பி எபிதீலிய செல்களுக்கு 100 நானோமோலார் புரோஜெஸ்டிரோன் கொடுத்தும் 17-பீட்டா-எச்.எஸ்.டி. வகை 2 நொதி ஏறவில்லை. செல் கெட்டுவிட்டதா?

பதில்: செல்லைக் குறை சொல்லும் முன் மூன்று விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, புரோஜெஸ்டிரோன் ஏற்பியை உருவாக்க ஈஸ்ட்ரோஜன் முன்னதாக வேலை செய்திருக்க வேண்டும். 10 நானோமோலார் ஈஸ்ட்ராடையாலை இரண்டு நாள் கொடுத்துவிட்டுத் தொடங்குங்கள். இரண்டு, இயற்கைப் புரோஜெஸ்டிரோனைச் செல்கள் தின்று தீர்த்துவிடும். காலையில் போட்டது மறுநாள் அதே அளவில் இருக்காது. தினமும் மீடியம் மாற்றுங்கள், அல்லது எளிதில் சிதையாத மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன் அசிட்டேட்டைப் பயன்படுத்துங்கள்.

மூன்றாவதுதான் பலரும் தவறவிடுவது. நொதி இருப்பது எபிதீலிய செல்லில். ஆனால் புரோஜெஸ்டின் (புரோஜெஸ்டிரோன் வகை ஹார்மோன்) பேசுவது பெருமளவு ஸ்ட்ரோமா செல்லோடு. ஸ்ட்ரோமா சுரக்கும் ரெட்டினாயிக் அமிலம் போன்றவைதான் அடுத்த வீட்டு எபிதீலியத்தில் இந்த நொதியைத் தூண்டுகின்றன. சுத்தமாகப் பிரித்த எபிதீலியம் பேசாமல் இருப்பது அதனால்தான்! புரோஜெஸ்டின் கொடுத்த ஸ்ட்ரோமாவின் மீடியத்தை எடுத்து எபிதீலியத்தின்மேல் ஊற்றிப் பாருங்கள், அல்லது இரண்டையும் சவ்வுத் தட்டில் சேர்த்து வளருங்கள்.

சுழற்சியின் பிற்பாதியில் திசுவில் இந்த நொதியின் செயல் முற்பாதியைப் போலச் சுமார் பத்து மடங்கு இருக்கும் என்பது 1970-களிலேயே அளந்த விஷயம். நொதியின் வேலை ஈஸ்ட்ராடையாலை வலுவற்ற ஈஸ்ட்ரோனாக மாற்றுவது. அதாவது தூண்டல் வெற்றி பெற்றால், நீங்கள் போட்ட ஈஸ்ட்ராடையாலும் வேகமாகக் குறையும். கணக்கில் வையுங்கள்.

கேள்வி: ஜெலட்டின் சைமோகிராமில் (நொதி ஜெலட்டினைக் கரைத்த இடம் பட்டையாகத் தெரியும் ஜெல்) ஹார்மோன் போட்ட தடமும் போடாத தடமும் ஒரே மாதிரி. புரோஜெஸ்டின் எம்.எம்.பி.யை அடக்கும் என்பது பொய்யா?

பதில்: பொய்யில்லை, பார்க்கும் ஜன்னல்தான் வேறு. ஜெலட்டின் ஜெல்லில் பளிச்சென்று தெரியும் 72 கிலோடால்டன் பட்டை எம்.எம்.பி-2. அதை ஸ்ட்ரோமா செல்கள் எப்போதும் சுரந்துகொண்டே இருக்கும். புரோஜெஸ்டினுக்கு அதிகம் அசையாது. 92 கிலோடால்டனில் வரும் எம்.எம்.பி-9 பட்டையைப் பாருங்கள். நன்றாக அடங்கும் எம்.எம்.பி-1, எம்.எம்.பி-3 இரண்டையும் ஜெலட்டினில் தேடாதீர்கள், எலைசாவோ (எதிர்ப்புரதம் கொண்டு அளக்கும் முறை) ஆர்.என்.ஏ. அளவீடோ செய்யுங்கள்.

இந்த முறையில் இன்னொரு மயக்கமும் உண்டு. ஜெல்லில் உள்ள எஸ்.டி.எஸ். என்ற சோப்புப்பொருள் பட்டதும் செயலற்ற முன்வடிவ நொதியும் விழித்துக்கொள்ளும். அதைப் பிடித்திருக்கும் டிம்ப் தடுப்பானும் கழன்றுவிடும். எனவே ஜெல்லில் தெரிவது சுரந்த நொதி. திசுவில் உண்மையாக வேலை செய்யும் அளவு வேறு.

செய்முறையில் கவனிக்க வேண்டியவை: சீரத்திலேயே ஜெலட்டினேஸ் இருக்கிறது, ஆகையால் கடைசி 24 மணி நேரம் சீரம் இல்லாத மீடியம். ஏற்றும் அளவைச் செல் எண்ணிக்கைக்கோ புரதத்துக்கோ சரிசெய்ய வேண்டும். மாதிரியைக் கொதிக்க வைக்கக்கூடாது, மெர்காப்டோஎத்தனால் கூடாது. இரண்டில் எது நடந்தாலும் பட்டையே வராது. ஜெலட்டின் மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம், 2.5 சதவீத டிரைட்டனில் அரை மணி வீதம் இருமுறை கழுவல், பிறகு கால்சியம் உள்ள பஃபரில் 37 டிகிரியில் 16 முதல் 18 மணி. ஒரு துண்டு ஜெல்லை மட்டும் 10 மில்லிமோலார் ஈ.டி.டி.ஏ.வில் வையுங்கள். அதிலும் பட்டை தெரிந்தால் அது எம்.எம்.பி. அல்ல.

கேள்வி: புரோஜெஸ்டிரோன் ஏற்பியைத் தடுக்கும் மிஃபெப்ரிஸ்டோன் போட்டதும் புரோஜெஸ்டினின் விளைவு நின்றது. புரோஜெஸ்டிரோன் ஏற்பி வழிதான் என்று எழுதலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். மிஃபெப்ரிஸ்டோன் குளுக்கோகார்டிகாய்டு ஏற்பியையும் தடுக்கும். மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோனும் அதே ஏற்பியில் ஒட்டும். குளுக்கோகார்டிகாய்டான டெக்ஸாமெத்தசோன் மட்டும் கொடுத்த வரிசை ஒன்றைச் சேருங்கள். அதிலும் அதே விளைவு வந்தால், புரோஜெஸ்டிரோன் ஏற்பியை எஸ்.ஐ.ஆர்.என்.ஏ. (மரபணுவை அடக்கும் சிறு ஆர்.என்.ஏ.) கொண்டு குறைத்துப் பார்க்காமல் எழுத வேண்டாம்.

கேள்வி: ஸ்ட்ரோமா செல்களை டெசிடுவாவாக (கருவை ஏற்கத் தயாரான வடிவம்) மாற்ற மூன்று நாள் புரோஜெஸ்டின் கொடுத்தோம். எதுவும் மாறவில்லை.

பதில்: மூன்று நாள் போதாது. புரோஜெஸ்டின் மட்டும் என்றால் எட்டுப் பத்து நாளாவது ஆகும். 0.5 மில்லிமோலார் 8-புரோமோ-சைக்ளிக் ஏ.எம்.பி.யோடு 1 மைக்ரோமோலார் மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன் சேர்த்தால் சில நாளிலேயே அந்த மாற்றத்தின் அடையாளமான புரோலாக்டின் ஏறத் தொடங்கும். பலமுறை பிரித்து வளர்த்த செல்கள் மந்தமாகிவிடும், ஆரம்பப் பாசேஜ்களையே எடுங்கள். ஹார்மோனைக் கரைக்கும் எத்தனால் எல்லா வெல்களிலும் ஒரே அளவு, 0.1 சதவீதத்துக்கு மேல் வேண்டாம்.