மெலிந்த நெகட்டிவ்

அன்புள்ள ஆசிரியருக்கு,

டிஜிட்டல் அலுத்துப்போய் மறுபடி ஃபிலிமுக்கு வந்திருக்கிறேன். உயிர் அதில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. ஆனால் முதல் எச்பி5 கறுப்பு-வெள்ளைச் சுருளே காலை வாரிவிட்டது. வெளிச்சப் பகுதி வெளுத்துவிடக் கூடாதென்று, டிஜிட்டலில் செய்வதுபோலவே வானத்தை அளந்து எடுத்தேன். நிழல் இருக்கவேண்டிய இடம் வெறும் கண்ணாடியாக இருக்கிறது. ஃபிலிம் ஓரத் துளைகளை ஒட்டி வரிவரியாகக் கறுப்பு வேறு. ஐடி-11 டெவலப்பரைத் தண்ணீரோடு சரிபாதி கலந்து, 20 டிகிரியில் 13 நிமிடம் கழுவினேன். டெவலப்பர் கெட்டுப்போயிருக்குமோ?

க.

அன்புள்ள க.,

கலவை, சூடு, நேரம் மூன்றும் சரிதான். டெவலப்பர்மேல் பழி போடுமுன் நெகட்டிவின் ஓரத்தைப் பாருங்கள். அங்குள்ள ஃபிலிம் பெயரும் எண்களும் தொழிற்சாலையிலேயே ஒளியால் பதித்தவை, உங்கள் கேமராவுக்கு அதில் பங்கில்லை. எழுத்து கன்னங்கரேலென்று இருந்து படம் மட்டும் மெலிந்திருந்தால் ஒளி போதவில்லை. எழுத்தும் வெளிறியிருந்தால்தான் டெவலப்பரைச் சந்தேகிக்க வேண்டும். எழுத்தே இல்லாமல் சுருள் முழுக்க வெறுமையாக வந்தால், பெரும்பாலும் கடைசியில் படத்தை நிலைப்படுத்த ஊற்றும் ஃபிக்ஸரை முதலில் ஊற்றியிருப்பார்கள். இதுவும் நடக்கிற கூத்துதான்.

வானத்தை அளந்தேன் என்று நீங்களே சொல்லிவிட்டதால், உங்களுடையது முதல் வகை. சென்சாரில் வெளிச்சப் பகுதி நிரம்பி வழிந்துவிட்டால் அங்கே மீட்க ஒன்றுமில்லை, நிழலைப் பதப்படுத்தாத மூலக் கோப்பான ரா கோப்பிலிருந்து ஓரளவு தூக்கிவிடலாம். நெகட்டிவ் ஃபிலிமில் இது அப்படியே தலைகீழ். நிழலில் போதிய ஒளி விழாவிட்டால், எத்தனை நிமிடம் கழுவினாலும் அங்கே வெள்ளி படியாது. ஒளி ஓரிரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது ஒளி இரட்டிப்பது) கூடினால் அடர்த்தி மெல்லத்தான் ஏறும். எனவே, விவரம் தெரியவேண்டிய நிழலை அருகில் போய் அளந்து, மீட்டர் காட்டுவதிலிருந்து 2 ஸ்டாப் குறைத்து எடுங்கள். எதை அளந்தாலும் நடுச்சாம்பலாக்கப் பார்ப்பது மீட்டரின் குணம், அதற்காகத்தான் இந்தக் குறைப்பு. அப்படி அளக்க வழியில்லையென்றால் மீட்டரில் ஃபிலிமின் ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓவை 400க்குப் பதில் 200இல் வைத்துவிட்டு, கழுவும் நேரத்தைத் தொடாமல் விடுங்கள்.

துளையோரக் கறுப்பு, ஃபிலிம் கழுவும் டேங்கை வேகமாகக் குலுக்கியதன் பலன். டெவலப்பர் துளைகள் வழியே பாய்ந்து, பக்கத்துப் பகுதியைக் கூடுதலாகக் கறுக்கவைத்துவிடுகிறது. ஒவ்வொரு நிமிடத்தின் முதல் 10 நொடியில் நிதானமாக 4 முறை கவிழ்த்து நிமிர்த்துங்கள். குமிழி ஒட்டாமலிருக்க டேங்கை மேசையில் ஒரு தட்டு. மீதி 50 நொடி கையைக் கட்டிக்கொண்டிருங்கள்.

உயிர் விஷயம். ஃபிலிமில் எடுத்து, ஸ்கேன் செய்து, திரையில் பார்ப்பவர் முடிவில் பார்ப்பது டிஜிட்டல் படத்தைத்தான், கூடவே தூசியும். வேறுபாடு முழுதாக வேண்டுமென்றால் நெகட்டிவைப் பெரிதாக்கிக் காட்டும் என்லார்ஜர் வைத்து, வெள்ளி உப்பு பூசிய தாளில் அச்சிட வேண்டும். 36 ஃபிரேம் தரும் நிதானம்தான் பிடித்திருக்கிறது என்றால் அதுவும் நல்ல காரணமே, ஆனால் அது நெகட்டிவின் தரத்தைப் பற்றிய வாதம் ஆகாது.

அடுத்த சுருளில் ஒரே காட்சியை ஐஎஸ்ஓ 400, 200, 100 என மூன்று அமைப்பில் எடுத்து ஒன்றாகக் கழுவுங்கள். நிழலில் முதன்முதலாக விவரம் தெரியும் ஃபிரேம் எதுவோ, அந்த எண்ணை வைத்துக்கொண்டு மற்றதை மறந்துவிடலாம்.