சிறு நிறுவனத்தில் சாஃப்ட்வேர் மாற்றம்: கேள்வி பதில்

கேள்வி: சார், 14 பேர் வேலை பார்க்கிற மொத்த வியாபாரம். பில் ஒரு சாஃப்ட்வேர்ல, ஸ்டாக் எக்செல்ல, பாக்கிக் கணக்கு நோட்டுல. எல்லாத்தையும் ஒண்ணாக்கணும். மூணு கம்பெனி டெமோ காட்டிட்டாங்க, மூணும் நல்லாத்தான் இருக்கு. எதை எடுக்கிறது?

பதில்: டெமோ எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். அது அவர்களுடைய டேட்டா, அவர்கள் ஓட்டிப் பழகிய பாதை. மூன்றையும் ஓரமாக வைத்துவிட்டு ஒரு ஆர்டரின் பின்னாலேயே போங்கள். போனில் ஆர்டர் வந்ததிலிருந்து பணம் கைக்கு வரும்வரை யார் எதில் எழுதுகிறார்கள், ஒரே விவரம் எத்தனை முறை எழுதப்படுகிறது, எங்கே யாருக்காகக் காத்துக் கிடக்கிறது என்று ஒரு தாளில் வரையுங்கள்.

அடுத்து, வழக்கத்தை மீறி நடப்பவை. பாதி சரக்கு மட்டும் போன ஆர்டர், திரும்பி வந்த சரக்கு, பெட்டியாக வாங்கிச் சில்லறையாக விற்பது, ஒருவருக்கு மட்டும் தனி விலை, பில் போட்ட பிறகு விலைத் திருத்தம். இப்படி 8, 10 நிகழ்வுகளை உங்கள் சொந்தப் பில்களோடு எழுதி, மூன்று பேரிடமும் கொடுத்து “என் கண் முன்னால போட்டுக் காட்டுங்க” என்று கேளுங்கள். “அடுத்த வெர்ஷன்ல வருது” என்று பதில் வந்தால், இல்லை என்றே குறித்துக்கொள்ளுங்கள்.

இலக்கை எண்ணில் எழுதுவதும் இப்போதே நடக்க வேண்டும். “நிர்வாகம் சீராகணும்” என்பதை வைத்து யாரும் எதையும் அளக்க முடியாது. “மாத முடிவுக் கணக்கு 9 நாளில் முடிகிறது, 3 நாளில் முடிய வேண்டும்” என்றால் அளக்கலாம். இன்றைய நிலை என்ன என்பதையும் அதன் பக்கத்திலேயே எழுதுங்கள். பழைய முறையை நிறுத்திய பிறகு அந்த எண் கிடைக்காது.

கேள்வி: கொட்டேஷன்ல இருக்கிறது போக வேற என்ன செலவு வரும்?

பதில்: முதல் ஆண்டை மட்டும் பார்க்காமல் 5 ஆண்டுக்குக் கணக்குப் போடுங்கள். ஆண்டுக் கட்டணம், ஆள் கூடினால் கூடும் லைசென்ஸ், பழைய டேட்டாவை மாற்றும் வேலை, பயிற்சி, பில் வடிவத் திருத்தம், பிரிண்டர், ஸ்கேனர், யுபிஎஸ். எல்லோரும் மறப்பது சொந்த ஆட்களின் நேரம். ஐட்டம் லிஸ்டைச் சுத்தம் செய்ய ஒருவர் மூன்று வாரம் உட்கார்ந்தால் அதுவும் செலவுதான். மொத்தத்தின் மேல் 15 முதல் 20 சதவீதம் தனியாக ஒதுக்குங்கள். அது உங்கள் கணக்கில் மட்டும் இருக்கட்டும், வென்டருக்கு (சாஃப்ட்வேர் விற்பவருக்கு) சொல்ல வேண்டாம்.

கேள்வி: எக்செல்ல 6,000 ஐட்டம் இருக்கு. அப்படியே ஏத்திடலாமா?

பதில்: வேண்டாம். பல ப்ராஜெக்ட் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். “பிவிசி பைப் 1 இஞ்ச்”, “பைப் பிவிசி ஒரு இன்ச்”, “1 இன்ச் பைப்” மூன்றும் ஒரே சரக்கு. மூன்றாக ஏற்றினால் ஸ்டாக் மூன்று இடத்தில் சிதறும், ஒன்றில் மைனஸ் காட்டும்.

எக்செல் செய்யும் சேட்டைகள் வேறு. 00457 என்ற ஐட்டம் கோடு எண் 457 ஆகிவிடும். 13 இலக்க பார்கோடு 8.90123E+12 போன்ற சுருக்க வடிவத்துக்கு மாறி நிற்கும். அந்த நிலையிலேயே சிஎஸ்வியாக (கமாவால் பிரித்த எளிய டெக்ஸ்ட் ஃபைலாக) சேமித்தால் கடைசி இலக்கங்கள் போய்விடும், திரும்ப எடுக்க வழியில்லை. 16 இலக்க எண்ணில் கடைசி இலக்கம் பூஜ்ஜியமாகும், ஏனென்றால் எக்செல் 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்துக்கொள்ளும். தேதி இன்னும் மோசம்: கம்ப்யூட்டரின் தேதி அமைப்பு மாதம் முதலில் என்று இருந்தால் 03-04 என்பது மாதமும் நாளும் இடம் மாறிப் பதியும், 25-04 மாற முடியாமல் வெறும் எழுத்தாக நிற்கும். அதனால் பிழை பாதி வரிகளில் மட்டும் இருக்கும், கண்ணில் படாது. ஐட்டம் கோடு, போன், பார்கோடு உள்ள காலம்களை டேட்டா போடும் முன்பே டெக்ஸ்ட் என்று மாற்றிவிடுங்கள். தமிழ்ப் பெயர்கள் இருந்தால் யுடிஎஃப்-8 (தமிழ் எழுத்தையும் அப்படியே காக்கும் வடிவம்) சிஎஸ்வியாகச் சேமியுங்கள், இல்லையென்றால் கேள்விக்குறிதான் வரும்.

முதலில் 50 வரி ஏற்றிப் பாருங்கள். பிறகு சோதனைப் பிரதியில் முழுவதும் ஏற்றி, ஏற்றும் முன் இருந்த மூன்று கூட்டுத்தொகையோடு ஒப்பிடுங்கள்: வரிகளின் எண்ணிக்கை, மொத்தப் பாக்கி, மொத்த ஸ்டாக் மதிப்பு. மூன்றும் பைசா பிசகாமல் ஒத்துப்போன பிறகுதான் அடுத்த படி. பழைய பில் வரலாறு முழுவதையும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். நிலுவைகள், கையிருப்பு, இப்போது ஓடும் ஐட்டங்கள் போதும். பழைய சாஃப்ட்வேரைப் பார்ப்பதற்கு மட்டும் திறந்து வையுங்கள்.

கேள்வி: ஒரே நாள்ல மாறிடலாமா, ரெண்டையும் சேர்த்து ஓட்டலாமா?

பதில்: ஒரு மாத முடிவு தாண்டும்வரை சேர்த்து ஓட்டுங்கள், அதற்கு மேல் இழுக்காதீர்கள். ஒரே பில்லை இரண்டிலும் பதிவது ஆட்களைக் களைப்பாக்கும். களைத்தால் புதியதில்தான் போட மறப்பார்கள்.

சீசன் இல்லாத மாதத்தின் முதல் தேதியில் தொடங்குங்கள். முந்தைய நாள் மாலை பில்லிங்கை நிறுத்தி ஸ்டாக்கைக் கையால் எண்ணுங்கள், அந்த எண்ணையே தொடக்க இருப்பாகப் போடுங்கள். முழுதாக மாறும் நாளில் “11 மணிக்குள் பில் வரவில்லை என்றால் பழையதற்குத் திரும்புவோம்” என்ற வரியும், அதை முடிவு செய்பவர் பெயரும் முன்கூட்டியே தாளில் இருக்க வேண்டும். பதற்றத்தில் நான்கு பேர் நான்கு முடிவெடுப்பார்கள். பக்கத்தில் ஒரு கைப்பில் புத்தகமும் இருக்கட்டும்.

கேள்வி: அண்ணா, எக்ஸ்டர்னல் டிஸ்க்ல தினமும் பேக்கப் ஆகுது. போதாதா?

பதில்: அந்த டிஸ்க் எப்போதும் கம்ப்யூட்டரில் செருகியே இருந்தால் போதாது. ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) வந்தால் அதையும் சேர்த்தே பூட்டிவிடும். டேட்டாவுக்கு 3 பிரதி, 2 வகைச் சாதனத்தில், 1 பிரதி கட்டடத்துக்கு வெளியே. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேறொரு கம்ப்யூட்டரில் பேக்கப்பைத் திறந்து நேற்றைய கடைசிப் பில் இருக்கிறதா என்று பாருங்கள். “பேக்கப் வெற்றி” என்று மெசேஜ் வந்தும் ஃபைல் காலியாக இருப்பது நடக்கிற விஷயம்தான்.

கேள்வி: ஒப்பந்தத்துல கட்டாயம் என்ன இருக்கணும்?

பதில்: அட்மின் கணக்கு, டொமைன் (இணைய முகவரி), ஓடிபி வரும் போன் எண் மூன்றும் நிறுவனத்தின் பெயரில். வென்டர் பையனுடைய சொந்த நம்பரில் ஓடிபி போகிறது என்றால் சாவி அவரிடம்தான் இருக்கிறது. எப்போது கேட்டாலும் முழு டேட்டாவை எக்செல் அல்லது சிஎஸ்வி வடிவில் தர வேண்டும் என்று எழுதி, ஒருமுறை எடுத்தும் பாருங்கள். பணத்தை வேலை முடிய முடியக் கொடுங்கள். கடைசி 20 சதவீதம் முதல் மாத முடிவுக் கணக்கு சரியாக வந்த பிறகு.

கேள்வி: ஸ்டாக் பார்க்கிற பெரியவர் நோட்டை விடவே மாட்டேங்கிறார். என்ன செய்றது?

பதில்: அவர் பக்கத்தில் அரை மணி நேரம் உட்காருங்கள். நோட்டில் ஒரே வரியில் எழுதுவதற்குத் திரையில் ஒன்பது கிளிக் தேவைப்படுகிறதா என்று எண்ணுங்கள். அப்படியென்றால் குறை அவரிடம் இல்லை, திரையைத்தான் மாற்றச் சொல்ல வேண்டும். முதல் பதிலில் சொன்ன அந்த 8, 10 நிகழ்வுகளையும் அவரிடமே கேட்டு எழுதுங்கள், அவரைவிட யாருக்கும் அது தெரியாது. நோட்டை உடனே பிடுங்க வேண்டாம். ஒரு மாதம் கழித்தும் அதில் என்ன எழுதுகிறார் என்று பாருங்கள். எந்த ரேக், யார் எடுத்துப் போனது என்பது போல ஏதாவது ஒரு விவரமாக இருக்கும். அதற்குத் திரையில் ஒரு கட்டம் சேர்க்க வென்டரிடம் சொல்லுங்கள்.